பச்சை அடிக்க மறுத்த பிரிண்டர்

ஸுண்ட்விக்,
நவம்பர் 3

பேரன்புள்ள மார்கித் அக்காவுக்கு,

தம்பி ஆஸ்முன் பணிவோடு எழுதிக்கொள்வது. நீ நலமா, உன் புதுக் கண்கள் நலமா, முழங்கால் வலி தேவலையா, உன் பூனை இன்னும் தபால்காரரைப் பிராண்டிக்கொண்டுதான் இருக்கிறதா? இங்கே நான் நலம், வீட்டுக்காரி துரீத் நலம், மகன் வீட்டில் எல்லோரும் நலம். நலமில்லாதது ஒன்றே ஒன்றுதான். அது சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதத்தை நான் கையால் எழுதுவதற்குக் காரணமும் அதுதான். வெறும் கறுப்பு எழுத்தில் ஒரு பக்கம் அடித்துக் கொடு என்று கேட்டேன். வெளிர்சிவப்பு மை தீர்ந்துவிட்டதாம், அதனால் கறுப்பும் தர மாட்டாதாம். கறுப்புக்கும் வெளிர்சிவப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீயே சொல். டீசல் டாங்கு நிறைய இருக்கும்போது கழிப்பறையில் சோப்பு தீர்ந்துவிட்டது என்று என் படகு எஞ்சின் ஒரு நாளாவது நின்றிருக்கிறதா?

உன் குறிப்பு கிடைத்தது. ஏழாவது படத்தையும் அதே உறையில் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தாயே, அதைத்தான் சொல்கிறேன். "இதுவும் ஹெஸ்டால் இல்லை. பச்சையில் ஒரு படம் வரும்வரை உன் எழுபதாவது பிறந்தநாளுக்கு என்னை எதிர்பார்க்காதே. மா." உன் பெயரைக்கூட முழுசாக எழுத உனக்கு மனம் வரவில்லை. அக்கா, இருபத்திரண்டாம் தேதிக்கு ஊர் மண்டபம் சொல்லியாகிவிட்டது, நாற்பது பேருக்கு ஆட்டுக்கறி சொல்லியாகிவிட்டது, என் வலது கைப்பக்க நாற்காலி உனக்கு என்று துரீத் அட்டை எழுதி வைத்துவிட்டாள். என் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நீதான் எழுந்து கிளாஸைத் தட்டிப் பேசினாய். எட்டு வயதில் நான் படகுத்துறையில் வழுக்கிக் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு பாதிரியார் முன்னால் நின்ற கதையை இரண்டு தடவையும் சொல்லி என் மானத்தை வாங்கினாய். எழுபதுக்கு என் மானத்தை வேறு யார் வாங்குவது? துரீத்தின் தம்பி பேசுவதாகச் சொல்கிறான். அவன் பேசினால் தன் வெந்நீர்க் குழாயைப் பற்றித்தான் பேசுவான்.

ஆகவே நடந்ததை ஆதியோடந்தமாக எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்தது பாதி, தெரியாதது பாதி. தெரிந்த பாதியையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த ஐந்து மாதமாக நான் படுகிற பாடு என்னவென்று உனக்குப் புரியும்.

பேத்தி தீரிலுக்குப் பதினைந்து வயதில் திருச்சபையில் உறுதிப்பூசை வரும், அதற்குள் நம் ஹெஸ்டால் பள்ளத்தாக்கின் பரம்பரை உடுப்பான புனாட்டை நானே தைத்துத் தருவேன் என்று நீ சொன்னபோது நாங்கள் எல்லோரும் வேண்டாம் என்றோம். கடையில் துணியும் நூலும் வெட்டிக் கட்டி ஒரு பெட்டியாகவே தருகிறார்கள் என்றோம். நீ கேட்கவில்லை. கடைக்காரனுக்கு ஹெஸ்டால் பச்சை எது என்று என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு, அம்மாவின் மரப்பெட்டியிலிருந்து கம்பளித் துணியை எடுத்தாய். கண்ணில் புரை மூடிக்கொண்டு வந்தும் விடாமல் மூன்று குளிர்காலம், ஜன்னல் ஓரத்தில், பூவும் கொடியும் ஒவ்வொன்றாக. கடைசித் தையல் போட்டு முடித்த மறு வாரம், இரண்டு வருடமாக வரிசையில் நின்ற உன் கண் அறுவைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தேதி வந்தது. எந்த வாரம்? உறுதிப்பூசை வாரமேதான்! விட்டால் இன்னும் ஒரு வருடம். குனியக் கூடாது, தூரப் பயணம் கூடாது. மூன்று வருடம் தைத்தவளுக்கு அதைப் போட்டுக்கொண்டு பிள்ளை கோயில் படியேறுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அந்த நினைப்பாகவே இருந்தது, அக்கா. அந்த வேகத்தில்தான் விருந்தில் எழுந்து கிளாஸைத் தட்டி, "மார்கித் வரமுடியவில்லை, ஆனால் அவள் சுவரில் மாட்ட இந்தப் பிள்ளையின் படத்தை நானே என் கையால், என் வீட்டிலேயே அடித்து அனுப்புவேன்" என்று நாற்பது பேர் முன்னால் வாக்குக் கொடுத்தேன். துரீத் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கடையில குடுத்தா பன்னெண்டு குரோனுக்குப் பெரிய படமாவே போட்டுத் தருவான். உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"முப்பத்தெட்டு வருஷம் படகு எஞ்சினை ஓட்டினவன் நான். ஒரு காகிதத்துல மை தெளிக்கிற பொட்டி எனக்கு அடங்காதா?"

அடங்கவில்லை என்பதை இங்கே எழுத்து மூலமாக ஒப்புக்கொள்கிறேன்.

பிரிண்டர் மலிவுதான். எண்ணூற்றுத் தொண்ணூறு குரோன். இத்தனை மலிவாகக் கொடுக்கிறானே, நல்லவனாக இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டுதான் அதைக் காரில் ஏற்றினேன். கறுப்பு, மஞ்சள், நீலம், சிவப்பு, வெளிர்நீலம், வெளிர்சிவப்பு என்று ஆறு மைக் குப்பிகள். கட்டைவிரல் அளவுக்கு ஒவ்வொன்றும். உள்ளே வந்தவை முழுக் குப்பிகள் அல்ல, பழகிப் பார்க்கக் கொடுக்கும் அரைக் குப்பிகளாம். நாலாவது படத்திலேயே மஞ்சள் காலி. ஆறும் சேர்த்து வாங்கினால் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. பிரிண்டரை விட மை விலை அதிகம்! அதற்கு நான் மை வாங்காமல் நாலு படத்துக்கு ஒரு பிரிண்டர் வாங்கித் தூக்கிப் போட்டிருக்கலாம் போலிருக்கிறது. சரி, வாங்கித் தொலைத்தேன். இரண்டு நாள் சும்மா விட்டால் மூக்கு அடைத்துக்கொள்கிறது என்று தானாகவே கழுவிக்கொள்கிறது. எதால்? தண்ணீராலா? என் மையால்! நான் ஒரு காகிதமும் வைக்காமல் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே அது கர்ர் கர்ர் என்று என் முந்நூறு குரோனைக் குடித்து, அடியில் இருக்கும் பஞ்சில் துப்பிவிட்டு, அந்தப் பஞ்சும் நிறைந்துவிட்டது, பணிமனைக்குக் கொண்டுபோ என்று விளக்கைப் போடுகிறது. எஞ்சின் அறையில் இப்படி ஒருத்தன் எனக்குக் கீழே இருந்திருந்தால் அடுத்த துறையிலேயே இறக்கிவிட்டிருப்பேன்.

முதல் படத்தை ஜூன் மாதத்தில் உனக்கு அனுப்பினேன். நல்ல தடிமனான காகிதம், இருபது தாள் இருநூற்று முப்பது குரோன். கோயில் படியில் தீரில் நிற்கிறாள், மார்பில் வெள்ளிப் பதக்கம், பின்னால் கொடி, பக்கத்தில் பாதிரியார். எனக்கே கர்வமாக இருந்தது. மூன்றாம் நாள் நீ போன் செய்தாய். நான் ஹலோ சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டாய்.

"யாருடா இது?"

"யாருன்னா? தீரில்தான்."

"மூஞ்சி தெரியுது எனக்கு. மேல போட்டிருக்கிறது யாரோடது? ப்ரேடால்காரி எவகிட்டயாவது புனாட் இரவல் வாங்கினீங்களா?"

"அக்கா, அது நீ தைச்சதுதான்."

"நான் தைச்சது பச்சை. இது நீலம். எனக்கு இப்ப ரெண்டு கண்ணும் புதுசு, ஆஸ்முன். எதிர் மலையில மேயற ஆட்டை இங்கிருந்தே எண்ணிச் சொல்லுவேன். என்கிட்ட விளையாடாதே!"

நீ போனை வைத்துவிட்டாய். விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்கா தெரியாது? மலைக்கு இந்தப் பக்கம் ஹெஸ்டால், பச்சை. அந்தப் பக்கம் ப்ரேடால், நீலம். பூ ஒன்று, கொடி ஒன்று, பொத்தான் மட்டும் கொஞ்சம் வேறு. துணியின் நிறத்தில்தான் நாம் யார் அவர்கள் யார் என்பதே இருக்கிறது. அதிலும் நீ யார்! ஹெஸ்டால் தையல் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடத் தலைவி. மே பதினேழு தேசிய நாள் ஊர்வலத்தில் கொடியைப் பார்க்காமல் பெண்பிள்ளைகளின் காலுறையைப் பார்த்துக்கொண்டு நடப்பவள். கறுப்புக்குப் பதிலாகக் கரும்பழுப்பில் காலுறை போட்டு வந்தாள் என்று கடைக்காரர் மகளை ஊர்வலத்திலிருந்தே வீட்டுக்கு அனுப்பி மாற்றிக்கொண்டு வரச் சொன்னவள். புனாட் போலீஸ் என்று ஊரே உனக்குப் பெயர் வைத்தது. நீ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாய். அப்படிப்பட்டவள் வீட்டுச் சுவரில் ப்ரேடால் நீலத்தில் நம் பிள்ளை தொங்கினால், வெள்ளிக்கிழமை வாஃபிள் தின்ன வரும் சங்கத்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா?

ஆனால் அக்கா, நான் என் கண்ணால் பார்த்தேன், அது பச்சைதான். கோயிலுக்குள்ளே பார்த்தேன், வெளியே வெயிலில் பார்த்தேன், விருந்தில் பார்த்தேன். அன்று காலை என் நல்ல கண்ணாடியின் மேல் நானே உட்கார்ந்து உடைத்துவிட்டதால், கார் ஓட்டுவதற்காகப் பவர் போட்டு வாங்கிய மஞ்சள் கண்ணாடியோடுதான் நாள் முழுக்கத் திரிந்தேன். புதுக் கண்ணாடி வரும்வரை அதேதான், உனக்கு முதல் படம் அடித்ததும் அதோடுதான். அதில் எல்லாம் பளிச்சென்று நன்றாகவே தெரிந்தது. பச்சையான பச்சை. ஆகவே குற்றவாளி இந்தப் பெட்டிதான் என்று அன்றைக்கே முடிவு கட்டி, அதை நேராக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

முதலில் கடைக்காரன் எய்விந்திடம் போனேன். என்னோடு படகில் இருந்தவனின் மகன், மரியாதை தெரிந்த பிள்ளை. படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணே, கொடி சரியாத்தானே வந்திருக்கு?"

"வந்திருக்கு."

"மூஞ்சி சரியா இருக்கு. கோயில் ஓடு சரியா இருக்கு. புல்லு பச்சையாவே இருக்கு."

"இருக்கு."

"அப்ப புனாட் மட்டும் எப்படிண்ணே தப்பா வரும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்! இந்த மெஷினுக்கு எங்க ஹெஸ்டால் மேல ஏதோ வன்மம் இருக்கு."

அவன் தலையைச் சொறிந்தான். திரை வெளிச்சம் அதிகமோ என்றான். குறைத்தேன், படம் கறுத்தது, அது இரண்டாவது படம். காகிதம் வேறு, நீங்கள் கணினியில் சொன்ன காகிதம் வேறு என்றான். மாற்றினேன், மை காகிதத்தில் நிற்காமல் ஓடி, உன் கையால் பூ வேலை செய்த மேசை விரிப்பில் போய் உட்கார்ந்தது. அதைத் திருப்பிப் போட்டிருக்கிறோம், நீ வரும்போது தூக்கிப் பார்க்காதே. விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்கக் கூடாது, பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்றான். அக்டோபரில் இந்த ஃபியோர்ட் கடற்கழி ஓரத்தில் பகல் வெளிச்சத்துக்கு நான் எங்கே போவேன்? மழை விட்டு மேகம் விலகும் அந்த முக்கால் மணி நேரத்தைப் பிடிக்க, கையில் ஈரப் படத்தோடு வாசலுக்கும் மேசைக்கும் ஓடினேன். அடித்த உடனே பார்க்காதீர்கள், காய்ந்தால் நிறம் மாறும், ஒரு நாள் விட்டுப் பாருங்கள் என்றான். ஒரு நாள் விட்டால் வெளிச்சம் போய்விடுகிறது, வெளிச்சம் வந்தால் மை தீர்ந்துவிடுகிறது!

பிறகு மலிவு மை. வெளியார் செய்த மை, நானூறு குரோனுக்கு ஆறு குப்பி, ஊசியால் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றினேன். பிரிண்டர் அதை மோந்து பார்த்ததும் இது என் ஆள் இல்லை என்று கதவைச் சாத்திக்கொண்டது. மூன்று தடவை அணைத்து ஏமாற்றி உள்ளே விட்டேன். அது அடித்த படத்தில் தீரில் புயலில் மாட்டிய பயணி போல இருந்தாள். பாதிரியார் வெள்ளரிக்காய். அதுதான் ஐந்தாவது படம், "பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா" என்று நீ எழுதிக் கேட்டாயே, அது. மறுபடியும் அசல் மை, மறுபடியும் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. ஒரு படத்துக்கு நானூறு குரோன் என்று ஆனபோது நான் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டேன். எழுதினால் துரீத் பார்த்துவிடுவாள் என்ற பயம்.

இதில் ஒரு விசித்திரம் சொல்ல வேண்டும். துரீத் வாயே திறக்கவில்லை. உனக்கு அவளைத் தெரியும். நான் ஒரு தூண்டில் முள் வாங்கினாலும் பழைய முள் என்ன ஆச்சு என்று கேட்பவள். அவள் இந்த ஐந்து மாதமாக மைக் குப்பி பார்சல் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கி, மேசையில் வைத்து, "போதும், விட்டுடுங்களேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னலை எடுத்துக்கொள்கிறாள். மருமகளிடம், உன் போனில் எடுத்த படங்களைக் கொடு, ஒத்துப் பார்க்கிறேன் என்று கேட்டேன். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். சரி, படம் வேண்டாம், புனாட்டையே கொண்டு வா, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்று தீரிலுக்குப் போன் செய்தேன்.

"அது சலவைக் கடையில இருக்கு, தாத்தா."

"ஜூலையிலயும் அங்கதானே இருந்துச்சு?"

"ரொம்ப அழுக்கு, தாத்தா."

நாலு மாதமாக ஒரு பாவாடையை எந்தக் கடையில் துவைக்கிறார்கள்? என் எஞ்சின் அறை உடுப்பே ஒரு வாரத்தில் வந்துவிடும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பொருளின் அருமை தெரிவதில்லை என்று அவள் அப்பனிடம் கத்தினேன். அவன் பேச்சை மழைக்கு மாற்றினான்.

கடைசியாக நூலகத்துக்குப் போனேன். அங்கே புத்தகம் மட்டுமல்ல, துளையிடும் கருவி, பனிச்சறுக்குக் கட்டை எல்லாம் இரவல் தருகிறார்கள் அல்லவா, அதுபோல நிறம் அளக்கும் கருவி ஒன்றும் இருக்கிறது. உள்ளங்கை அளவுக்கு இருக்கும், திரையில் ஒட்டவைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். மூன்று வாரம் காத்திருந்து வாங்கி வந்தேன். திரையை அளந்தேன், தாளை அளந்தேன். அது என்ன சொல்லிற்று தெரியுமா? எல்லாம் சரியாக இருக்கிறதாம். நீலம் நீலமாகவே வருகிறதாம், பச்சை பச்சையாகவே வருகிறதாம், திருத்த ஒன்றுமில்லையாம்! இந்த லட்சணத்தில்தான் பொதுச் சொத்தை வைத்திருக்கிறார்கள் என்று நூலகப் பெண்ணிடம் மேசையில் தட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். கருவி பழுது என்று ஒரு சீட்டும் எழுதி ஒட்டிக் கொடுத்தேன்.

ஆகவே அக்கா, கடைசி வழியில் இறங்கினேன். கருவியும் வேண்டாம், கடைக்காரனும் வேண்டாம் என்று கணினியில் பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் ஏற்றிக்கொண்டே போனேன். புனாட் பச்சையாகும்வரை ஏற்றினேன். ஆகிவிட்டது! எட்டாவது படம், இத்துடன் வைத்திருக்கிறேன். புனாட்டை மட்டும் பார். கொடியைப் பார்க்காதே, அதன் நீலச் சிலுவையும் பச்சையாகி உலகத்தில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கொடியாகிவிட்டது. பாதிரியாரைப் பார்க்கவே பார்க்காதே. கோயில் சுவரில் பாசி பிடித்ததுபோல் இருப்பது பாசி அல்ல. வேண்டுமானால் ஒரு அட்டையில் புனாட் அளவுக்கு ஓட்டை வெட்டி மேலே வைத்து மாட்டிக்கொள். சங்கத்துப் பெண்களிடம் அதுதான் இப்போது வழக்கம் என்று சொல்.

இதற்கு மேல் என்னால் முடியாது. எனக்கு எழுபது ஆகப்போகிறது. என் ஓய்வூதியம் பாதி பஞ்சில் போய்விட்டது. பிறந்தநாளில் வந்தவர்கள் சேர்ந்து பாட நாற்பது பாட்டுத் தாள் அடிக்க வேண்டும், அதற்கும் இந்தப் பெட்டி வெளிர்சிவப்பு கேட்கிறது. இனி நீ பச்சை இல்லை என்று சொன்னால் நான் இதை இழுத்துக்கொண்டுபோய் ஃபியோர்டில் போட்டுவிடுவேன். இருபத்திரண்டாம் தேதி காலைப் படகில் வந்துவிடு, அக்கா. உன் பேச்சு இல்லாவிட்டால் அது பிறந்தநாளே இல்லை. கால்சட்டைக் கதையையே மூன்றாம் தடவையும் சொல், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

உன் கண்களும் கால்களும் உன் சொல் கேட்டு நடக்கட்டும், உன் அடுப்பில் விறகு குறையாதிருக்கட்டும், உன் சங்கத்தில் எதிர்த்துப் பேச ஒருத்தரும் இல்லாதிருக்கட்டும். துரீத் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். பூனைக்கும் என் விசாரிப்பு.

உன் சொல்லைத் தட்டாத தம்பி,
ஆஸ்முன்

பி.கு: அக்கா, உறையை ஒட்டப் போனேன், ஒட்டவில்லை. மேலே எழுதியதை எல்லாம் கோடு போட்டு அடித்துவிடு என்று சொல்லலாம். ஆனால் கிழிக்க மனம் வரவில்லை, மூன்று மணி நேரம் எழுதினேன். நடந்தது இதுதான். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தீரில் வந்தாள். பிறந்தநாளுக்குப் புனாட் போட வேண்டுமாம், ஆறு மாதத்தில் வளர்ந்துவிட்டாள், தோளைக் கொஞ்சம் விட்டுத் தர துரீத்திடம் கொண்டு வந்தாள். நான் கொல்லையில் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள் போல. ஜன்னல் கம்பியில் மாட்டினாள். மணி பன்னிரண்டு, மழை விட்டிருந்தது, நல்ல பகல் வெளிச்சம். நான் என் நல்ல கண்ணாடியைப் போட்டிருந்தேன். அக்கா, அது நீலம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். நீலம். திருப்பி வந்த ஏழு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீ முதலில் திருப்பி அனுப்பியது, ஜூனில் அடித்தது, அச்சு அசலாக அதேதான். ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?" என்றேன்.

துரீத் பின்னலைக் கீழே வைத்தாள். "மொத தடவ அளவு பார்க்கப் போனப்பவே தெரியும். அவங்க ஜன்னல் ஓரத்துல தடவித் தடவி தைச்சுக்கிட்டு, 'என்ன அழகான பச்சை பாரு'ன்னாங்க. அவங்க கண்ணு அப்ப எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். யாருக்குச் சொல்ல மனசு வரும்?"

"எனக்காவது சொல்லியிருக்கலாமே! ஐஞ்சு மாசமா நான் மை ஊத்திக்கிட்டு இருக்கேன்!"

"சொன்னா நீங்க அன்னைக்கே போன் போட்டிருப்பீங்க. இல்லேன்னா இப்படி ஒரு லெட்டர் எழுதியிருப்பீங்க. அன்னைக்கு முழுக்க அந்த மஞ்சக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு பச்சை பச்சைன்னு நீங்களே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க, சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டோம். மை போனா போகுதுன்னு இருந்தேன்."

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கூடாது, பச்சைப் படத்தை மட்டும் அனுப்பு, மார்கித்துக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம் என்று துரீத் சொல்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீ ஊரில் எல்லோருக்கும் காலுறை வரைக்கும் உண்மையைச் சொன்னவள். உன்னிடம் நான் பச்சைப் பாதிரியாரை அனுப்பி ஏமாற்றினால், நாளைக்கு உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அம்மாவின் பெட்டியைத் திறந்து பார், அக்கா, இப்போது, உன் புதுக் கண்ணோடு. அதில் இரண்டு சுருள் இருந்தது உனக்கு நினைவிருக்கிறதா? பச்சை நமக்கு. நீலம், ப்ரேடாலுக்குக் கட்டிக்கொடுத்த சித்திக்காக அம்மா வாங்கியது. சித்தி கோபித்துக்கொண்டு வராமலே போனதால் அப்படியே கிடந்தது. உள்ளே இப்போது எந்தச் சுருள் மிச்சம் இருக்கிறது என்று நீயே எடுத்துப் பார். பார்த்துவிட்டு உட்கார்ந்து ஒரு காபி குடி.

இன்னொன்றும் இன்றைக்குத்தான் தெரிந்தது. உறுதிப்பூசை அன்று கோயில் படியில் ப்ரேடாலிலிருந்து விருந்துக்கு வந்த ஒரு அம்மாள் தீரிலைப் பிடித்து நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாளாம்.

"எங்க ஊர் நிறம், ஹெஸ்டால் பொத்தான். நீ எந்தப் பள்ளத்தாக்குடீ, பொண்ணே?"

"மார்கித் அத்தைப்பாட்டி பள்ளத்தாக்கு" என்றாளாம் இவள்.

மாற்றித் தரட்டுமா, கடையில் பச்சையில் ஒன்று வாங்கட்டுமா என்று இப்போது நான் கேட்டேன். புனாட்டைக் கம்பியிலிருந்து எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "இது மேல யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். சலவைக் கடைப் பொய்க்காக அவளை நான் திட்டவில்லை.

எட்டாவது படத்தை வெளியே எடுத்துவிட்டேன். முதல் படத்தையே மறுபடியும் வைத்திருக்கிறேன். அதைத் திருப்பி அனுப்பாதே. இந்தக் குடும்பத்தில் ஐந்து மாதமாக உன்னிடம் உண்மை பேசியது இந்தப் பாழாய்ப்போன பிரிண்டர் ஒன்றுதான். அதை நான் பஞ்சு நிறையத் திட்டித் தீர்த்தேன். நூலகத்துக்கும் போய் அந்தச் சீட்டைக் கிழிக்க வேண்டும்.

இருபத்திரண்டாம் தேதி தீரில் நீலத்தில்தான் மண்டபத்துக்கு வருவாள், அக்கா. இருபத்திரண்டு வருடத் தலைவி நீ. இது ஹெஸ்டால் இல்லை, வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வா என்று அவளை அனுப்ப வேண்டுமானால் அனுப்பு. ஆனால் அதைத் தபாலில் சொல்ல முடியாது. அவள் முன்னால் நீயே வந்து நின்றுதான் சொல்ல வேண்டும்.

ஆ.